வந்து போகும் அறிவும் நம் கையிலுள்ள அமானிதமும்

 

முதுமையில் சிலருக்கு, அறிந்தவற்றையெல்லாம் அறியாமற் போகும் நிலை வருமென்று அல்லாஹுத் தஆலா திருமறையில் அந்நஹ்ல் அத்தியாயத்து 70-ஆவது வசனத்திலும், அல்ஹஜ் அத்தியாயத்து 5-ஆவது வசனத்திலும் அறிவிக்கிறான். நம் நாயகம் (ஸல்) அவர்களும் அந்நிலையை விட்டுப் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். ஆகவே இது சோதனையே யன்றி, ஒருவரைப் பழிப்பதற்குரிய காரியமன்று.

மறதி நோயை இப்போது காப்பாரிலும் கிள்ளானிலும் அறியாதவர் இல்லை. அதற்கு உடன்பிறப்பான நோயொன்று உண்டு. அது வீட்டாரை ஏமாற்றிவிடும். லூயி பாடி மறதி நோய் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். மூளையின் நரம்பணுக்களுக்குள் ஒருவகைப் புரதம் சிறு உருண்டைகளாகத் திரண்டுவிடுகிறது. அவ்வுருண்டைகளை 1912-இல் கண்டெழுதியவர் பெர்லினில் பிறந்த பிரெட்ரிக் லூயி. அவற்றால் மறதி நோய் உண்டாவதை 1976 முதற்கொண்டு எடுத்துக் காட்டியவர் ஜப்பானிய டாக்டர் கென்ஜி கோஸகா.

ஏமாற்றுமென்று ஏன் சொன்னோம்? இந்நோயில் அறிவு வந்து வந்து போகும். காலையில் கல்லாவில் அமர்ந்து பாக்கிக் கணக்கைக் காசு பிசகாமல் சொல்லும் பெரியவர், அஸருக்குப்பின் பெற்ற மகனையே "நீங்கள் யார்?" என்று கேட்பார். மறுநாள் தெளிந்திருப்பார். "அத்தா வேண்டுமென்றே செய்கிறார்" என்பார் வீட்டில் ஒருவர். கூடத்து மூலையில் குழந்தைகள் நிற்பதாகப் பெரியவர் சொல்லும்போது, "இது ஜின்னின் சேட்டை" என்பார் இன்னொருவர். ஜின் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்டதற்கெல்லாம் ஜின்னைச் சாட்டுவது மார்க்கமாகாது. இல்லாததைக் காண்பது இந்நோயின் முக்கிய அடையாளம். தூக்கத்திற் கனவுக்கேற்பக் கைகாலை உதறிச் சத்தமிடுவதும், உடல் விறைத்து நடை தளர்வதும், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் இறங்கி விழுவதும் அப்படியே. தூக்கத்தில் உதறுவது பல ஆண்டுகள் முந்தியே தொடங்கிவிடுவதுமுண்டு. வீட்டாரே பாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் ஓதி ஊதட்டும், பரக்கத்தான காரியம். வெள்ளியைக் கொட்டிப் போமோவிடம் இழுத்துச் செல்லவேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது ஓர் எச்சரிக்கை மிக அவசியம். இல்லாத காட்சிகளை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் இந்நோயாளிக்குப் பெருங்கேடு செய்யக்கூடும். உடல் விறைத்து, உணர்வு மங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் "அத்தா அடங்க மருந்து தாருங்கள்" என்று மட்டும் கேளாமல், என்று தெளிவு, என்று மயக்கம், எப்போது விழுந்தார், என்ன கண்டார் என்பதை நாள் குறித்து எழுதிக்கொண்டு போங்கள். பாக்கி எழுதும் நோட்டே போதும். லூயி பாடி நோயாயிருக்குமோ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ரிவாஸ்டிக்மின் போன்றவை சிலருக்குத் தெளிவைக் கூட்டுகின்றன.

அவர் காண்பதை "இல்லை, இல்லை" என்று வாதாட வேண்டாம். விளக்கைப் போட்டுக் கையைப் பிடித்து, "நான் பக்கத்தில் இருக்கிறேன் அத்தா" என்றால் பெரும்பாலும் அமைதியாவார். முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்புச் சொல் ஒன்றுகூடக் கூடாதென்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்து 23-ஆவது வசனம் தடுத்திருக்கிறதன்றோ? ளுஹரில் ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டாரென்று வீட்டில் சிரிக்கிறார்கள். அறிவு நீங்கிய வேளையில் அவர் மீது எழுதுகோல் ஓடுவதில்லை. சிரித்தவர் மீது ஓடும்! தெளிந்த வேளையில் ஒளுச் செய்வித்து, நாற்காலியில் அமர்த்தித் தொழவையுங்கள். இரவெல்லாம் விழித்திருப்பவர் அநேகமாக அவருடைய மனைவியோ மருமகளோதான். கடையடைத்து வரும் ஆண்மக்கள் முறைவைத்துச் சில இரவுகளாவது அந்த அறையிற் படுக்கவேண்டும்.

இனி, வியாபாரிகளாகிய நமக்கென்றே ஒரு பேச்சு. பங்காளி ஊருக்குப் போயிருந்தால் அவர் பங்கை அமானிதமாகக் காக்கிறோம். திரும்பி வந்து கணக்குக் கேட்பாரென்று அறிவோம். அறிவு வெளியூர் போயிருக்கும் அத்தாவின் பொருளும் அவ்வாறே. அல்பகரா 282-ஆவது வசனம், கடன் பத்திரம் எழுதும்போது கடன்பட்டவர் அறிவிலோ வலுவிலோ குறைந்தவராயிருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லி எழுதுவிக்க ஏவுகிறது. அன்னிஸா 5-ஆவது வசனமோ, அறிவு நிறையாதவர் கையிற் பொருளை விட்டுவிடாமல், அதிலிருந்தே உணவும் உடையும் கொடுத்து, இனிய சொல்லும் சொல்லப் பணிக்கிறது. பொருளை வாங்கிக்கொண்டு இனிய சொல்லை மறந்துவிட்ட வீடுகள் நம்மிடையே இல்லையென்று சொல்லமுடியுமா?

மயங்கிய வேளையில் கைபிடித்துக் கடைப் பங்குக்கும் நிலத்துக்கும் கையெழுத்து வாங்குவது திருட்டு. தெளிந்த வேளை பார்த்து, ஒரு பிள்ளை மட்டும் கதவடைத்துக்கொண்டு வாங்குவதும் அதற்கு அடுத்ததே. நோய் தெரிந்த தொடக்கத்திலேயே, தெளிவுண்டென்று டாக்டரிடம் எழுதி வாங்கி, ஆண் பெண் மக்கள் எல்லாரையும் வைத்து, வெளியார் இருவர் சாட்சியாக, கொடுக்கவேண்டிய கடன், வரவேண்டிய பாக்கி, நின்றுபோன ஸகாத், வஸிய்யத்து யாவும் அவர் வாயாலேயே சொல்லி எழுதப்படட்டும். பினாங்கிலோ ஊரிலோ உள்ள பெண்மக்களுக்கும் அதன் பிரதியை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.