மணம் முறிந்தாலும் மஷூரா முறியலாகாது

தலாக்கோ குலாவோ நிகழ்ந்தபின் கணவன், மனைவி என்ற உறவு இல்லை. ஆனால் தாய், தகப்பன் என்ற உறவை எந்தக் காஜியாரும் பிரித்து எழுதிவிட முடியாது. மனம் கசந்து பிரிந்த இருவர், பிள்ளையின் பொருட்டு ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கின்றனர் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், பிள்ளையுடன் பிறந்த வீட்டில் இருக்கிறாள். தகப்பனுக்கு ஆம்பூரில் செருப்புக் கம்பெனியில் வேலை. ஞாயிறன்று மகனைப் பார்க்க வருகிறான். "செலவுக்குக் கொடுக்காதவனுக்குப் பிள்ளை முகம் எதற்கு?" என்று கதவு சாத்தப்படுகிறது. "பிள்ளையைக் காட்டாதவர்களுக்குப் பணம் எதற்கு?" என்று அவனும் கையை மூடிக்கொள்கிறான்.

இரண்டிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் செலவும் பிள்ளையின் ஹக்கு. தகப்பன் முகமும் பிள்ளையின் ஹக்கு. ஒருவர் செய்த குற்றத்துக்காக, குற்றமற்ற பிள்ளையின் ஹக்கைப் பிடித்து வைக்க யாருக்கு அதிகாரம்?

பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்கோ தகப்பனுக்கோ துன்பம் நேரலாகாது என்கிறது சூரத்துல் பகராவின் 233-ம் ஆயத்து. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசியே செய்ய வேண்டும் என்றும் அது போதிக்கிறது. சூரத்துத் தலாக்கின் 6-ம் ஆயத்தோ, பிரிந்துவிட்டவர்களையே நல்ல முறையில் பேசி முடிவு செய்யச் சொல்கிறது. கவனியுங்கள்! பழைய அன்பு திரும்பட்டும் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. கேட்பது மஷூரா ஒன்றையே.

நாட்டுச் சட்டமும் பிள்ளையின் நலத்தையே பார்க்கிறது. 1890-ம் ஆண்டின் கார்டியன் சட்டப்படி கோர்ட்டு முதலில் கருதுவது அதைத்தான். பிள்ளையின் ஜீவனாம்சம் இரண்டு வயதோடு முடிவதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 1997-ல் தீர்ப்பளித்தது.

அடித்துத் துன்புறுத்தியவரிடம் பிள்ளையை அனுப்பலாமா? கூடாது. அங்கே பாதுகாப்பே முதல். சந்திப்பு பெரியவர் ஒருவர் முன்னிலையிலோ, கோர்ட்டு உத்தரவுப்படியோ நடக்கட்டும்.

மற்றபடி, பேசியதை எழுதிக்கொள்வது நலம். எந்த நாள் யாரிடம், பெருநாள் எங்கே, லீவு நாட்கள் எப்படி, ஸ்கூல் பீஸ் யார் பொறுப்பு, தடுப்பூசி அட்டையும் ஆதாரும் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளையைத் தூதனாக்கலாகாது, "அங்கே என்ன பேசினார்கள்?" என்று துருவலாகாது.

இதில் நல்ல ஆலோசகர், அதே பாதையில் நடந்தவரே. மஹல்லாவில் மணவிலக்கான பெண்கள் மாதமொருமுறை ஒரு வீட்டில் கூடட்டும், ஆண்களும் அவ்வாறே. முதல் பெருநாளைப் பிள்ளையின்றிக் கழித்தது எப்படி, கோபத்தில் எழுதிய சொல்லை அனுப்பாமல் நிறுத்தியது எப்படி என்பதை அவர்களே சொல்ல முடியும். ஜமாஅத்தார் கட்சி சேராமல், பிள்ளையைக் கைமாற்றிக்கொள்ளப் பொதுவான ஒரு வீட்டை ஏற்பாடு செய்யலாம். வழக்கென்று வந்தால், பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற 1987-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது.

பிள்ளை நமக்குச் சொத்தல்ல, அமானத்து. அமானத்தைப் பங்கு போட முடியாது. சேர்ந்து காக்கத்தான் முடியும். வல்ல நாயன் நமக்கு அந்தப் பொறுமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.