பேரும் பதிவும்: இயந்திர இயக்குநரின் நாட்பதிவேடு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மலையகத் தோட்டங்களிலே ஒரு நாள் வேலையைக் குறிப்பதற்கு வழங்கும் சொல் 'பேர்' என்பதாகும். நியமித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர். அளவு குறைந்தவருக்கு அரைப்பேர். மனிதரை மனிதரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் பெயரே இங்கு கூலியின் அளவாகவும் அமைந்துவிட்டமை சிந்திக்கற்பாலது. செக்றோலில் விழுந்த பேரே அன்றைய உழைப்புக்குச் சான்று. விழாத பேர், செய்யாத வேலையாகவே கொள்ளப்படும். மலையேறிக் கொழுந்து பறித்தவர் ஒருவர். அதனை நிறுத்து ஏட்டில் எழுதியவர் வேறொருவர். இவ்வேறுபாட்டினுள் ஓர் அறவியற் பிரச்சினை அடங்கியுள்ளது. ஒருவரின் உழைப்பைப் பற்றிய உண்மையை எழுதும் உரிமை யாருக்குரியது? அவ்வுரிமை உழைத்தவரின் கைக்கே வந்து சேரும்போது, அதனோடு கூடவரும் கடமை யாது? மண் அகழும் இயந்திரங்களை இயக்குவோர் நாள்தோறும் எழுதும் பதிவேடு இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாகும்.

மலையகத் தமிழரின் வரலாறு பெருமளவுக்கு அவர்களைப் பற்றிப் பிறர் எழுதிய ஏடுகளின் வரலாறாகவே இருந்துள்ளது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட காலத்துக்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களில் கங்காணியின் கடன் கணக்கு தொழிலாளரைப் பிணைத்திருந்தது. தோட்டம் மாற விரும்பியவர் முன்னதாகத் தீர்க்கவேண்டிய கடனைக் குறித்துக் கொடுக்கப்பட்ட சீட்டு 'துண்டு' எனப்பட்டது. எழுத வாசிக்கத் தெரியாதவரின் எதிர்காலம் அவரால் வாசிக்க முடியாத ஒரு துண்டுக் கடதாசியில் தங்கியிருந்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டமும் பிறந்தது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மீண்டும் கடதாசியைக் கேட்டது. அதனைக் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இப்பிரச்சினை நீடித்தது. ஆதலின், பதிவேடு என்றவுடன் இம்மக்களிடையே ஓர் ஐயம் எழுவது இயல்பானதே.

இப்பின்னணியிலேயே புதிய தொழிலொன்றின் வருகையை நோக்குதல் வேண்டும். 1979இல் தொடங்கிய கொத்மலை அணைக்கட்டு வேலையும், தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற் மேல் கொத்மலைத் திட்டமும் இம்மலைகளுக்குப் பெரும் இயந்திரங்களைக் கொண்டுவந்தன. வீதி அகலிப்பும், ஏழு பேர்ச் காணியில் அமையும் தோட்ட வீடுகளுக்காகச் சரிவுகளை வெட்டிச் சமப்படுத்தும் வேலையும் அவற்றைத் தோட்டங்களின் உள்ளேயே கொண்டுசேர்த்தன. லயன்களிற் பிறந்த இளைஞர் சிலர் உதவியாளராகச் சேர்ந்து, நாளடைவிற் 'பெக்கோ' எனப்படும் இயந்திரத்தின் இருக்கையில் அமர்ந்தனர். அவர்களது கையில் ஒரு புத்தகமும் கொடுக்கப்பட்டது. திகதி, இடம், தொடங்கும்போதும் முடியும்போதும் மீற்றர் காட்டிய மணி, ஊற்றிய டீசல், எண்ணெயின் நிலை, செய்த வேலை, கண்ட பழுது, கையொப்பம் என்பன அதன் நிரல்கள். பெற்றோரின் உழைப்பை மற்றவர் எழுதினர். பிள்ளையோ தன் உழைப்பைத் தானே எழுதுகின்றான்.

இயந்திரத்திலே மணிக்கணக்கைக் காட்டும் மீற்றர் இருக்கையில், மனிதன் எழுதுவது எதற்கு என்று வினவலாம். மீற்றர் அறிவது இயந்திரம் ஓடிய நேரத்தை மட்டுமே. வாளி மண்ணை அள்ளியதா, மழை விடும்வரை இயந்திரம் வெறுமனே உறுமிக்கொண்டு நின்றதா என்பது அதற்குத் தெரியாது. மணிக்கணக்கிலே வாடகை பெறும் இடத்தில், வேலையின்றி ஓடவிட்டால் மணி கூடும். இருநூற்றைம்பது மணிக்கு ஒருமுறை செய்யவேண்டிய எண்ணெய் மாற்றத்தைச் செய்யாமலே செய்ததாக எழுதினால் செலவு குறையும். ஊற்றாத டீசலை ஊற்றியதாக எழுதினால் அது வேறிடத்திற் காசாகும். இவை யாவற்றையும் அறிந்தவன் இருக்கையில் இருந்த ஒருவனே.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பாகத்திலே கைஜஸ் என்பானுக்குரிய மோதிரக் கதையைக் கூறுகின்றார். அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் செய்யும் மோதிரம் ஓர் இடையனுக்குக் கிடைக்கின்றது. காண்பவர் இல்லாதபோதும் ஒருவன் நீதியாக நடப்பானா என்பதே அக்கதை எழுப்பும் வினா. மூடுபனி இறங்கிய மலைச்சரிவிலே தனியே வேலை செய்யும் இயக்குநனின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அநீதி செய்பவனின் ஆன்மாவே முதலிற் சீர்குலையும் என்பது பிளேட்டோ அளித்த விடை.

எனினும் இவ்விடைக்கு எதிராக வலுவான வாதமொன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பொய்க்கணக்கால் வஞ்சிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, பொருளுடையோனின் புத்தகத்துக்கு ஏன் உண்மையாக இருத்தல் வேண்டும்? அப்புத்தகம் அவனைக் கண்காணிக்கும் கருவிதானே? அரைமணி கூட்டி எழுதுவது, இழந்ததில் ஒரு துளியை மீட்பதாகாதா? இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. இதனைச் சீர்தூக்குவதற்குப் பதிவேட்டை உண்மையில் வாசிப்பவர் யாவர் என்று நோக்குதல் வேண்டும். மணியும் டீசலும் உரிமையாளரின் கண்ணுக்குரியன. பழுது என்ற நிரலோ, மறுநாள் அதே இருக்கையில் அமரப்போகும் மற்றொரு தொழிலாளிக்குரியது.

மாலை ஆறு மணிக்கு பிரேக் மிதிபலகை வழக்கத்தைவிடத் தாழ்ந்து இறங்குவதை இயக்குநன் ஒருவன் உணர்கின்றான் என்று கொள்வோம். உள்ளதை எழுதினால் இயந்திரம் நிறுத்தப்படும். நாட்கூலி பெறும் அவனுக்கும் உதவியாளனுக்கும் மறுநாள் வருமானமில்லை. 'நன்று' என்று எழுதினால் வேலை நடக்கும். ஆனால் அச்சரிவிலே அதனை இறக்கப்போகிறவன் வேறொருவன். அவ்வாறே, வெட்டிய மண்சுவரின் அடியிலே புதிதாக நீர் கசிவதை முதலிற் காண்பவனும் இயந்திரத்தில் இருப்பவனே. புதிய நீரூற்று, நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம் என்பன மண்சரிவின் முன்னறிகுறிகள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுட் புதைந்ததைக் கண்ட மலையகத்தில், அத்தகைய ஒருவரிக் குறிப்பின் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. அதனை எழுதாமல் விடும் பொய், மேலே இருப்பவரைச் சென்று தாக்குவதில்லை. சரிவின் கீழே உறங்குபவரையே அது தாக்குகின்றது.

பொய் எந்நிலையிலும் தகாது என்று 1797ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வாதிட்டவர் இமானுவல் கான்ற். நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைகாரனிடங்கூடப் பொய் கூறலாகாது என்பது அவரது நிலைப்பாடு. வள்ளுவரோ வாய்மையைத் தீங்கின்மையோடு பொருத்தி நோக்கினார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மைக்கும் வாய்மையின் இடத்தை அளித்தார். உதவியாளனின் கூலியைக் காக்கவே 'நன்று' என்று எழுதினேன் என்பவன் வள்ளுவரைத் துணைக்கழைக்கக்கூடும். ஆனால் அவர் விதித்த நிபந்தனை கடுமையானது. விளையும் நன்மையிற் குற்றம் சிறிதும் கலத்தலாகாது. நாளை வரவிருக்கும் முகந்தெரியாத ஒருவருக்குத் தீங்கு நேராது என்று யாராலும் உறுதி கூறவியலாது. எனவே, வேறுவேறு வழிகளாற் சென்ற இருவரும் இவ்விடயத்தில் ஒரே இடத்தை வந்தடைகின்றனர்.

இத்துடன் இயக்குநனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுதல் நியாயமாகாது. உண்மையை எழுதியவன் மறுநாட் கூலியை இழப்பான் என்பது ஒரு வேலைத்தலத்தின் ஏற்பாடாயின், அவ்வேற்பாடே பொய்யை உற்பத்தி செய்கின்றது. ஏழு நாட்பக்கங்களை வாசியாமலே சனிக்கிழமை ஒருங்கே ஒப்பமிடும் மேற்பார்வையாளரும் அப்பொய்யிற் பங்காளியே. பழுதினால் நின்ற நாளுக்கும் ஊதியம், பழுதை அறிவித்தவனுக்குப் பாதுகாப்பு, எழுதிய பக்கத்தின் பிரதி எழுதியவனுக்கே கிடைத்தல் என்பன இருந்தாலன்றி, உண்மையைக் கடமையாகக் கோருவதற்கு உடையோருக்குத் தகுதியில்லை. இவற்றுட் பிரதி சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அனுபவத்தாற் பெற்ற திறனை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இந்நாட்டில் உண்டு. நேர்மையாக எழுதப்பட்ட பக்கங்கள் அப்போது எழுதியவனுக்கே சான்றாக நிற்கும்.

இவ்வேற்பாடுகள் வரும்வரை உண்மை காத்திருக்கலாமா? காத்திருக்கவியலாது, நாளைக் காலை இயந்திரம் மீண்டும் இயக்கப்படவிருக்கின்றது. ஆகவே, கூலி இழப்பை அறிந்தும் பழுதை எழுதும் இயக்குநன், தனக்குரிய நீதி கிடைக்குமுன்னரே மற்றவனுக்குரிய நீதியைச் செய்துவிடுகின்றான். அது அவன்மீது விழும் நியாயமற்ற சுமையே. அச்சுமையைக் குறைப்பது ஏனையோரின் கடன். செக்றோலிலே பேர் என்பது ஒருவர் பெற்ற கூலியின் அளவாக இருந்தது. நாட்பதிவேட்டின் அடியில் அவன் தன் கையால் எழுதும் பேர், அடுத்து வருபவனுக்கு அவன் கொடுக்கும் வாக்காகின்றது. அதற்கு அரைப்பேர் என்பது கிடையாது.