உறை எதற்கு?

உங்கள் வீட்டில் கோல்ஃப் மட்டை இருக்கிறதா? அநேகமாக இருக்காது. பரவாயில்லை. அதை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நம் எல்லோருக்குமான ஒரு கேள்வி அதில் இருக்கிறது.

ஆட்டத்துக்கு ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் எடுத்துப் போகலாம். அவற்றை விமானத்தில் ஏற்றுவது பெரிய வைபவம். ஒவ்வொரு தலைக்கும் ஓர் உறை. இடையிடையே டவல். பைக்குள் எல்லா மட்டைகளையும்விடக் கொஞ்சம் உயரமாக ஒரு கம்பு. பை தலைகுப்புற விழுந்தால் முதல் அடியை அந்தக் கம்பு வாங்கிக்கொள்ளும். சில குடும்பங்களில் மூத்த பிள்ளை மாதிரி!

ஊர் போய்ச் சேர்ந்ததும் சட்டம் மாறிவிடுகிறது. மட்டையைத் துடைத்துக் காயவிடணும். ஈரத்தோடு உறைக்குள்ளேயே கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும். மே மாத வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைத்தால், தலையையும் தண்டையும் ஒட்டியிருக்கும் பசை இளகிவிடலாம். தொடாமலே வைத்திருந்தாலும் பிடியிலுள்ள ரப்பர் வருஷக்கணக்கில் இறுகிப்போகும். வழியில் காப்பாற்றிய அதே உறை, வீட்டில் எதிரியாகிவிடுகிறது.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். அங்கே பழுப்பு நிலக்கரி, மனிதன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்தது. வெட்டி வெளியே குவித்துவிட்டால் அந்தப் பத்திரம் போச்சு. காற்றுப் பட்டுப் பட்டுத் தானாகவே சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் குவியலை அழுத்தி வைக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், அதிக நாள் தேங்கவிடாமல் பக்கத்திலேயே இருக்கும் அனல்மின் நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 'இருக்கட்டும், பிறகு பார்த்துக்கலாம்' என்று சேர்த்து வைக்க முடியாத சொத்து அது.

அதே நெய்வேலி டவுன்ஷிப்பில், ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முப்பது வருஷ வாசம். பரணிலிருந்து சாமான்கள் இறங்குகின்றன. எட்டாம் வகுப்பில் பையன் கேட்டு வாங்கிய டென்னிஸ் ராக்கெட், உறையோடு.

"எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்துடலாமே?"

"வேணாங்க. புள்ளை ஆசைப்பட்டு வாங்கினது."

பிள்ளை கலிஃபோர்னியாவில் இருக்கிறான். ராக்கெட் அவன் ஞாபகத்திலேயே இல்லை. அது லாரியேறி இன்னொரு ஊரின் பரணுக்குப் போகிறது.

ஒரு பொருளை உபயோகிக்காமல் வைத்திருப்பது, அதற்குச் செய்யும் மரியாதையா, அநியாயமா?

அவசரப்பட்டு அந்த அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் பிடித்து வைத்திருப்பது ராக்கெட்டை அல்ல, பையனின் பதின்மூன்று வயதை. சில பொருள்களைப் பூட்டி வைப்பது நியாயம்தான். 1971 பிப்ரவரியில் ஆலன் ஷெப்பர்ட் நிலவில் கோல்ஃப் ஆடினார். மட்டையின் தலையை மட்டும் கொண்டுபோய், மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் மாட்டி, இரண்டு பந்துகளை அடித்தார். அந்த மட்டை இப்போது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'எடுத்து ஆடுங்கள்' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதன் வேலை முடிந்துவிட்டது. இனி நினைவூட்டுவதுதான் அதன் வேலை.

ஆகவே பரண் ஏறும்போது கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்தப் பொருளின் வேலை முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் நினைவுக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும். முடியவில்லையென்றால், அதற்காக எங்கோ ஒரு கை காத்திருக்கிறது.

சும்மா சொல்லவில்லை. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக, அதாவது மற்றவர்களின் மட்டைப் பையைத் தூக்கி நடப்பவராக இருந்தவர் அலி ஷேர். 1991ல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். 1993ல் மறுபடியும். பை தூக்குகிற கைக்குள் என்ன திறமை இருக்கிறது என்று, அந்தக் கையில் மட்டையைக் கொடுக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எதிர்வீட்டுப் பையனும் அப்படித்தான். அவன் சாம்பியன் ஆகவேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு மாதம் ஆடி நரம்பை அறுத்துவிட்டு வந்து நிற்கலாம். நிற்கட்டுமே! ராக்கெட் அதற்குத்தானே செய்யப்பட்டது?

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். ஒரே ஓர் உறையையாவது கழற்றுங்கள்.