முன்னோரின் கணக்கு

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது ஆகாது என்று கருதும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் செல்லும் வழியில், ஸமூது கூட்டத்தார் பாறைகளைக் குடைந்து வாழ்ந்த ஹிஜ்ருப் பாலைநிலத்தைக் கடக்கையில், அழுதவர்களாகவே அன்றி அங்கு நுழைய வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

மெய்தான். ஆயினும் அந்த அச்சம், இறைத்தீர்ப்பு இன்னதென்று திருமறை அறிவித்துவிட்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றியது. டி. கல்லுப்பட்டியில் 1976இல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த கறுப்பு-சிவப்புக் கலங்களை வனைந்தவர்களைப் பற்றி நமக்கு என்ன தீர்ப்பு வந்தது? மேலூரை அடுத்த கருங்காலக்குடிக் குன்றின் பாறையில் வெண்ணிறத்தால் உருவம் தீட்டியவன் தன் பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை. (பழம்பாறைகளில் தம் பெயரைக் கீறி மகிழும் இக்காலத்தார் இதை எண்ணிப் பார்க்கலாம்.) அறியாமைக் காலத்தார் என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்குவது எளிது. ஆனால் அவர்களுடைய கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. அவர்கள் விட்டுச் சென்ற பானையும் பாறையும் மட்டுமே அமானிதமாக நம்மிடம் வந்திருக்கின்றன.

மதுரைக்கு அருகே கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டுள்ளது. அங்கே என் பிள்ளை, “இவர்கள் நம்மவர்களா, அத்தா?” என்று கேட்டால், ஆம் என்பேன். எதை வணங்கினார்கள் என்று அடுத்துக் கேட்பான். அறியேன் என்பேன்.