பதினாலு வயசு ஆயா

எந்த சர்ச்சில் பெண்கள் கூட்டம் நடந்தாலும் ஒரு பட்டியல் கட்டாயம் வரும். முதலில் கடவுள், இரண்டாவது குடும்பம், மூன்றாவதுதான் ஊழியம். பேசுகிறவர் மூன்று விரல்களை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டுவார். பெண்கள் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள்.

ஊழியம் என்ற வார்த்தை பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்ச்சுக்காகச் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலை அது. நோயாளிகளைப் பார்க்கப் போவது, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குப் பைபிள் கதை சொல்வது, வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வது. நீங்கள் கிறிஸ்தவர் இல்லையென்றால் அந்த இடத்தில் மகளிர் குழு, கோயில் உழவாரப் பணி, கட்சி வேலை, ரத்ததான சங்கம் என்று எது பொருந்துமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்றுதான். வெளியே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். வீட்டிலும் ஒருவர் காத்திருக்கிறார். யாரிடம் போவது?

பட்டியலில் தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு அது கை கொடுப்பதில்லை. பையனுக்கு லேசாக ஜுரம். ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது. குடும்பம்தான் இரண்டாவது என்று லேசான ஜுரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா? விரல் மடக்கியவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார்.

குமாரபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. பெயர் வேண்டாம். காவிரிக்கு அந்தக் கரை பவானி, இந்தக் கரை குமாரபாளையம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். விசைத்தறியும் சாயப்பட்டறையும்தான் பிழைப்பு. தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. கிறிஸ்தவர்கள் ரொம்பக் குறைச்சல். அதனாலேயே, இருக்கிற சில பேர் தலையில் சர்ச் வேலை எல்லாம் வந்து விழும்.

அந்த வீட்டு அம்மாவுக்குத் தறிப்பட்டறையில் தார் சுற்றுகிற வேலை. கணவர் தறி ஓட்டுகிறார். அம்மாவுக்கு வாரம் முழுக்க ஷிப்ட். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு வகுப்பு. மே மாதம் வந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி. சனிக்கிழமை சாயந்திரம் ஆஸ்பத்திரி. வெளியூரிலிருந்து தறி வேலைக்கு வந்து, உடம்புக்கு முடியாமல், கூட ஆளில்லாமல் படுத்திருக்கிற பெண்களுக்குத் தூக்குப் போசியில் கஞ்சி கொண்டு போவார். ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணுவார். சொல்லாவிட்டால் தலை வாரிவிட்டு வருவார்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்குப் பதினாலு வயசு, ஒன்பதாம் வகுப்பு. பையன் மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை சாயந்திரம் தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, தம்பியை உட்காரவைத்து வீட்டுப் பாடம் எழுதவைப்பது எல்லாம் அந்தப் பெண்.

ஒரு சனிக்கிழமை பாஸ்டர் அந்தப் பக்கமாக வந்தவர் எட்டிப் பார்த்து, "அம்மா எங்க பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"அம்மா வீடு சந்திப்புக்குப் போயிருக்காங்க அய்யா. எங்க வீட்டை எப்பச் சந்திப்பாங்கன்னுதான் தெரியலீங்க."

பாஸ்டர் சிரித்துவிட்டார். மறுநாள் சர்ச்சில் அந்த அம்மாவிடமே அதை வேடிக்கையாகச் சொல்லவும் செய்தார். அவருக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "அவ சொன்னது தப்பில்லீங்க. ஆனா அந்தப் பாட்டிக்கும் நான் ஒருத்திதானுங்களே இருக்கேன்."

இரண்டுமே நிஜம் என்பதுதான் சங்கடம்.

இதற்கு உடனே வசனம் எடுத்து நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வசனம் இரண்டு பக்கமும் இருக்கிறதே, என்ன செய்வது? மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். தாயும் சகோதரர்களும் வெளியே நின்று இயேசுவைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அவரோ தன்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைக் காட்டி, கடவுளின் விருப்பப்படி நடப்பவர்கள்தான் தன் தாய், தன் சகோதரர்கள் என்கிறார். ஊழியக்காரர்களுக்குப் பிடித்த இடம். அதே புத்தகத்தில் ஏழாம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே அவர் வேறு சிலரைக் கண்டிக்கிறார். வயதான அப்பா அம்மாவுக்குக் கொடுக்க வேண்டியதை, 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிட்டுக் கையை விரித்தவர்கள் அவர்கள். இந்தக் கொர்பானை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஆண்கள் சமாசாரம் எப்படி? ஏலி பெரிய ஆசாரியர். பிள்ளைகள் காணிக்கையிலேயே கைவைத்தார்கள். அவரிடம் வளர்ந்த சாமுவேல் தீர்க்கதரிசி. அவர் பிள்ளைகள் லஞ்சம் வாங்கினார்கள். தன் வீட்டை ஒழுங்காக நடத்தத் தெரியாதவன் சபையை எப்படிக் கவனிப்பான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி வருகிறது. கண்காணிப் பதவிக்கு வர நினைக்கும் ஆண்களைப் பற்றிய கேள்வி அது. பெண்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீத்துவுக்கு எழுதிய கடிதம் சொல்வதும் உண்மை. மறைக்கவில்லை. ஆனால் இரண்டாவது கடிதம் பிரசங்கத்தில் வருகிற அளவுக்கு முதலாவது வந்து நான் கேட்டதில்லை. ஆண்களுக்கென்று ஒரு கூட்டம் போட்டு யாராவது மூன்று விரல் மடக்கிக் காட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்னையர் தினத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது: நீதிமொழிகள் 31, குணசாலியான பெண். குமாரபாளையத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். அந்தப் பெண் கம்பளியும் சணலும் தேடி வாங்குகிறாள், நூற்கிறாள், துணி செய்து விற்கிறாள், வியாபாரிக்குக் கச்சை சப்ளை செய்கிறாள், வயலைப் பார்த்து விலை பேசி வாங்குகிறாள், ஏழைகளுக்கும் கொடுக்கிறாள். கேட்கிற நம் பெண்கள், 'இவ்வளவையும் ஒருத்தி செய்திருக்கிறாளே, நமக்கு இந்த ஒரு சனிக்கிழமையைச் சமாளிக்க முடியவில்லையே' என்று கூனிக் குறுகிப் போகிறார்கள். பிரசங்கிகள் வேகமாகத் தாண்டிப்போகும் ஒரு வரி அதில் உண்டு. அவள் விடியுமுன் எழுந்து தன் வேலைக்காரிகளுக்குப் படியளந்தாள். ஆமாம், வேலைக்காரிகள் இருந்தார்கள்.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு குடும்பம் இருக்கிறது. சத்தியநாதன் குடும்பம். பாதிரியாரின் மனைவி அன்னா சத்தியநாதன் 1862-ல் 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு புத்தகம் எழுதினார். எழுதிவிட்டு வீட்டோடு இருந்தாரா என்றால், இல்லை. பிறகு சென்னையில் பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். வாசல் தாண்டாத பெண்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அவர் காலமானபின் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் கமலா. தென்னிந்தியாவில் முதன்முதலில் எம்.ஏ. முடித்த பெண். 1901-ல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை ஆரம்பித்தார். 1906-ல் கணவர் இறந்தார். கையில் ஒரு பையன், ஒரு பெண். கமலா பத்திரிகையையும் விடவில்லை, பிள்ளைகளையும் விடவில்லை. 1918-ல் பத்திரிகை நின்றது. பிள்ளைகளின் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1927-ல் திரும்ப ஆரம்பித்து 1938 வரை நடத்தினார். அந்த ஒன்பது வருஷ இடைவெளி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தூக்கிக்கொண்டு ஓடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மகள் பத்மினி சென்குப்தா 1956-ல் அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். கோபித்துக்கொண்ட பிள்ளை அவ்வளவு பக்கம் எழுதுமா என்று ஒரு சின்ன யூகம் எனக்கு.

(அந்தப் பத்திரிகையில்தான் 1905-ல் பேகம் ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' வந்தது. அந்தக் கதையில் வருகிற ஊரில் ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைக்கிறார்கள், பெண்கள் ஊரை ஆள்கிறார்கள்.)

ஆனால் அந்தக் காலத்து மதராஸில் படித்த, வசதியான வீடு என்றால் சமையல்காரர் இருப்பார், ஆயா இருப்பார். குணசாலிப் பெண்ணுக்கு வேலைக்காரிகள் இருந்தது போல. நம் குமாரபாளையத்து அம்மாவுக்கும் ஓர் ஆயா உண்டு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஆயா.

சார்லஸ் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் மிஸஸ் ஜெல்லிபி என்று ஒரு அம்மா வருவார். ஆப்பிரிக்காவில் உள்ள ஜனங்களுக்காக ராப்பகலாகக் கடிதம் எழுதுவார். சொந்தப் பிள்ளைகள் மாடிப்படியில் உருண்டு விழுந்துகொண்டிருக்கும். பொதுச் சேவைக்குப் போகும் பெண்ணைக் கிண்டல் செய்ய இன்றுவரை இந்த அம்மாதான் உதாரணம். கடிதங்களை உட்கார்ந்து எழுதுவது யார் என்று பாருங்கள். கையெல்லாம் மசியோடு மூத்த மகள் கேடி. வீட்டுக்காரர் மிஸ்டர் ஜெல்லிபி சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து நாம் பரிதாபப்பட வேண்டும் என்று டிக்கன்ஸ் எதிர்பார்க்கிறார். எழுந்து பிள்ளையைத் தூக்கேன் ஐயா என்று எனக்குத் தோன்றும். பத்துப் பிள்ளைகளின் தகப்பனான டிக்கன்ஸ், 1858-ல் மனைவியைப் பிரிந்தவர் என்பது தனிக்கதை.

நான் படித்தது பி.காம். பெண்கள் பத்திரிகைகளில் 'குடும்பத்தையும் வெளி வேலையையும் பேலன்ஸ் செய்வது எப்படி' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேலன்ஸ் ஷீட் ஞாபகம்தான் வரும். அது எப்போதும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனிக்கும் அப்படித்தான். சமமாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரயோஜனமில்லை. யார் கணக்கில் பற்று எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வே இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவர்களை எடுத்துக்கொண்டால், பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம் 201 நிமிடம். மூன்று மணி இருபத்தோரு நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் போய், கஞ்சி கொடுத்து, தலை வாரிவிட்டுத் திரும்பி வர அது தாராளம்.

அந்த அம்மா தன் தூக்கத்தைக் கொடுத்தார், ஓய்வைக் கொடுத்தார். அவருடையது, கொடுக்கலாம். அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. பட்டறையில் அவர் தார் சுற்றுகிற ஓர் ஆள். ஆஸ்பத்திரியில் அவருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் இருக்கிறார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் மகளுடைய சாயந்திரம் அவருடையது இல்லையே. அதை எடுத்துக் கடவுளுக்குக் காணிக்கை என்று பெட்டியில் போட்டால், அது கொர்பான் கணக்கில்தானே வரும்?

பிள்ளைகள் வேலை செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். வீடு லாட்ஜ் இல்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அம்மா கஞ்சி கொண்டு போவதைப் பார்த்து வளரும் பெண், பள்ளிக்கூடத்தில் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொள்கிறாள். ஆனால் அவளிடம் யாராவது கேட்டார்களா? முடியாது என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா? தம்பிக்குப் பதினாலு வயசானால் அவனும் சோறு வடிப்பானா, அல்லது அப்போதும் அக்காவே வடித்துக்கொண்டிருப்பாளா? அந்த அப்பா சனிக்கிழமை சாயந்திரம் எந்த டீக்கடையில் இருக்கிறார்? இவ்வளவையும் விசாரித்துவிட்டுத்தான் அம்மாவிடம் வர வேண்டும். நாம் முதலிலேயே அவரிடம் போய் நின்றுவிடுகிறோம்.

அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஞாயிறு வகுப்பை விட்டுவிட்டார். மே மாதப் பள்ளியையும் விட்டுவிட்டார். மைக், ஆண்டு விழா, மேடையில் சால்வை எல்லாம் அதில்தான். சர்ச்சில் இரண்டு பேர், "சகோதரி பின்வாங்கிப் போயிட்டாங்க" என்று பேசியது அவர் காதுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியை மட்டும் விடவில்லை. "அதுதானே உங்கள் சாயந்திரத்தைச் சாப்பிடுகிறது, அதை விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கிளாசுக்கு வேற ஆளு இருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு ஆளில்லீங்க."

ஞாயிறு காலை இப்போது பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னுகிற நேரமாகிவிட்டது. பகல் ஷிப்ட் வருகிற வாரங்களில் சனிக்கிழமை சாயந்திரம் கணவர் தண்ணீர் பிடித்து அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். நைட் ஷிப்ட் வாரங்களில் முடிவதில்லை, பழையபடி பெண்தான். அது இன்னும் தீரவில்லை. அவர் வைக்கிற ரசத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் நிறையப் புகார் இருக்கிறது.

ஒரு தடவை அம்மா மகளிடம், "நீயும் ஆஸ்பத்திரிக்கு வர்றியா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். "வரலைம்மா, பரீட்சை இருக்குது" என்றாளாம். சரி என்று தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். இரண்டாவது தடவை கேட்கவில்லை.