பேறுகாலம் எங்கே?

மக்கட்பேறு அல்லாஹுத்தஆலா அருளும் அமானிதம். அமானிதம் வந்து சேருமுன் அதற்குரிய இடத்தைச் செம்மைப்படுத்துவது பெற்றோர் கடமை. ஆனால், பிழைப்புக்காகக் கடல் கடந்து வாழும் நம் சகோதரர்களுக்கு அந்த இடம் எது என்பதே பெரும் வினாவாகி விடுகிறது.

சென்ற மாதம் ஒரு வெள்ளியன்று, ஜும்ஆவுக்குப் பின் பட்டினப்பாக்கத்தில் ஒரு வீட்டார் நம்மை அழைத்திருந்தனர். மகனுக்கு ஷார்ஜாவில் கணக்கர் வேலை. மருமகளும் அங்கேதான், ஆறாம் மாதம்.

"தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஹஜ்ரத்? உற்றார் உறவினர் இல்லாத ஊரில் பிள்ளை பெறுவதா?" என்றார் பெண்ணின் தாயார். "அங்கே ஆஸ்பத்திரிச் செலவு தாங்காது" என்றார் பையனின் தகப்பனார். "பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றார் தொலைபேசியில் மகன். மார்க்கத் தீர்ப்பு என்னவென்று நம்மைக் கேட்டனர். நாம் ஒன்றே கேட்டோம்: "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" சபை மௌனமாயிற்று. அவளை யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்பர்களே! பேறுகாலம் இன்ன வீட்டில்தான் நடக்க வேண்டுமென்று ஷரீஅத் விதிக்கவில்லை. தாய்வீட்டுப் பிரசவம் நம் நாட்டு வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் பர்ளுமல்ல, சுன்னத்துமல்ல. முடிவு எப்படி எடுக்கப்பட வேண்டும் என்பதற்கோ திருமறையில் வழிகாட்டுதல் உண்டு. பால்குடியை மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொத்து, கலந்தாலோசித்தே செய்ய வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் அறிவிக்கிறது. பால் மறக்கடிப்பதற்கே அவள் இசைவு வேண்டுமென்றால், உயிரைப் பணயம் வைத்துப் பெறும் இடத்தைத் தீர்மானிக்க அவள் இசைவு வேண்டாமா?

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலாக் ஆன பெண் கருவுற்றிருந்தால், பிரசவிக்கும் வரை அவளுக்குச் செலவு கொடுக்க வேண்டும் என்பது அத்தலாக் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தின் கட்டளை. பிரிந்தவளுக்கே இந்த உரிமை என்றால், உடன் வாழ்பவளின் பேறுகாலச் செலவைப் பாரமென எண்ணலாமா? மெய்யாகவே இயலாதவர் அதை மனைவியிடம் மறைக்காமல் சொல்லி, இருவருமாக வழி காண்பதே முறை.

உற்றார் இல்லாத ஊர் என்ற அச்சமும் புதிதல்ல. அஸ்மா பின்த் அபூபக்ர் (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக மக்காவை விட்டு ஹிஜ்ரத் செய்து, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அது. நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தையை மடியில் வைத்து, பேரீச்சம்பழத்தை மென்று அதன் வாயிலிட்டு, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். முஸ்லிம்கள் அனைவரும் மகிழ்ந்தனர். ஆகவே, வெளிநாட்டில் பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருந்தால், அவளுக்கு உறவாக நிற்பது அங்குள்ள நம்மவர் கடமை.

காகித வேலைகளும் தயாரிப்பில் சேர்ந்தவையே. திருமணச் சான்றிதழ் உரிய சான்றொப்பங்களோடு முன்கூட்டியே கையில் இருக்கட்டும். அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் விசா எடுக்க வேண்டும். வெளிநாட்டார் பிள்ளைக்கு அங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. 2004 டிசம்பர் முதல் உள்ள நம் நாட்டுச் சட்டப்படி, ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். தவறினால் அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் தவிக்க நேரலாம். ஊருக்கு வர நினைப்பவர்களும் தாமதிக்கலாகாது. பல விமான நிறுவனங்கள் 36 வாரம் கடந்த கர்ப்பிணியை ஏற்றுவதில்லை. அதற்கு முன்னரே டாக்டர் சான்றிதழும் கேட்கின்றன.

பிறருக்கு உபதேசிக்கும் நாமும் இதில் குறையற்றவரல்லர். ஒரு ரமலானில் தராவீஹ் தொழவைக்க நாம் கடல் கடந்து சென்றிருந்தபோது நமது மூத்த மகள் பிறந்தாள். பணம் அனுப்பினோம், பெயர் சொல்லி அனுப்பினோம், காதில் பாங்கு சொன்னவர் அவள் பாட்டனார். ஊர் திரும்பியதும் நம் மனைவி, "ஒரு குறையும் இல்லை, நீங்கள் இல்லாததைத் தவிர" என்றார். போகலாமா என்று அவரிடம் நாம் கேட்டிருக்கவில்லை. அதனால்தான் பட்டினப்பாக்கத்து வீட்டில் அந்தக் கேள்வி நம் வாயில் முதலில் வந்தது போலும்.

பின்னர் தொலைபேசியை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார்கள். சற்றுத் தயங்கி அவள் சொன்னாள்: "இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். உம்மா வந்து நாற்பது நாள் என்னோடு இருந்தால் போதும்." அத்தனை பேர் பேசியும் எவருக்கும் தோன்றாத வழி அது.

சபராளிகளே! தொட்டில் வாங்குமுன், துணிமணி சேர்க்குமுன், இல்லாளை அருகில் அமர்த்தி, "உனக்கு எது மனநிம்மதி?" என்று கேளுங்கள். தயாரிப்பு அங்கே தொடங்கட்டும். பிறக்கும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் ஸாலிஹானவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.