முதலில் தளர்த்துகிறவர்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் பக்கத்தில் பவர் டில்லர் சத்தம் கேட்காத நாள் இல்லை. பரமத்திவேலூர், மோகனூர் பக்கம் வாய்க்கால் வயல்களில் சேறு அடிக்கிறார்கள். ஆத்தூர் பக்கம் பாக்குத் தோப்புகளில், பெரிய டிராக்டர் திரும்ப முடியாத இடத்தில் இதுதான் உழுகிறது. ஜப்பானின் சிறிய நெல்வயல்களுக்காக உருவான இந்த வண்டி 1960-களில் நம் நாட்டுக்கு வந்தது. ஒன்றோ இரண்டோ ஏக்கரை நம்பி வாழும் உங்களில் பலருக்கு இதன் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்தே உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. நற்கருணை வாங்க நீங்கள் நீட்டும் கைகளில் அதை நான் பார்க்கிறேன்.

சில நாள் நடு வயலில் ஒரு தொல்லை வரும். டீசல் என்ஜின் குறையில்லாமல் ஓடும், புகை வரும், சக்கரம் மட்டும் நகராது. கீச்சென்ற சத்தம், ரப்பர் கருகும் வாடை. ஓரத்து மூடியைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். என்ஜினின் விசையைக் கிளட்ச் புல்லிக்குக் கொண்டுபோகும் பெல்ட்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம்.

பழைய அரிசி ஆலைகளில் ஓடிய அகலமான தட்டைப் பட்டைகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் இடத்தைப் பிடித்த வி-பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் உருவாக்கினார். அது புல்லியின் காடிக்குள் அடிவரைக்கும் போய் உட்காருவதில்லை. இரண்டு பக்கச் சுவர்களையும் இறுகப் பிடித்துத்தான் விசையைக் கடத்துகிறது. பக்கங்கள் தேய்ந்து, பெல்ட் காடியின் அடியைத் தொட்டுவிட்டால் பிடிப்பு போயிற்று. அப்போது அதன் பக்கங்கள் பளபளவென்று மின்னும். தெரியாதவர்கள் அதைப் பார்த்து, பெல்ட் இன்னும் நன்றாக இருக்கிறது என்பார்கள். வழுக்கி வழுக்கி ஏறிய மினுமினுப்பு அது.

இறைமக்களே, ஞாயிறு தவறாமல் வருகிறோம். வெள்ளைச் சட்டை, பட்டுச் சேலை, எல்லாரிடமும் சிரித்த முகம். உள்ளே பிடிப்பு இருக்கிறதா? வீட்டில் வாய் திறந்தால் கீச்சென்று சத்தம் வருவதும், சின்ன வார்த்தைக்குக் கருகிப் போவதும் எதனால்? நம் வீட்டில் யாரோ ஒருவர் பல நாளாக வழுக்கிக்கொண்டிருக்கிறார். நமக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் காதில் விழுகிறதா?

சத்தம் வந்தவுடன் நாம் செய்வது என்ன? இறுக்குகிறோம். டென்ஷன் புல்லியைத் தள்ளி பெல்ட்டை விறைக்க வைக்கிறோம். அளவாக இறுக்கினால் நல்லதுதான். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கும் மேலே இறுக்கினால் சத்தம் அடங்கும், பேரிங் போய்விடும். பெல்ட்டை விடப் பேரிங் செலவு அதிகம் என்று பட்டறைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் நாம் இப்படித்தான் நடக்கிறோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக நாமக்கல்லுக்கு வந்து விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். விடியுமுன் எழுந்து இரவு வெகுநேரம் வரை புத்தகம். ஒரு தேர்வில் குறைந்தால் உடனே இன்னொரு சுற்று இறுக்குகிறோம். பத்து நாள் லாரி ஓட்டிவிட்டு வருகிறவரிடம் வாசலிலேயே கணக்குக் கேட்கிறோம். சத்தம் அடங்குகிறது. உள்ளே என்ன உடைந்தது என்று யார் பார்த்தது?

பெல்ட் மாற்றத் தெரிந்தவர் முதலில் தளர்த்துவார். என்ஜினை நிறுத்திவிட்டு, டென்ஷன் புல்லியின் நட்டைத் தளர்த்தி இழுவையை விடுவிப்பார். பிறகுதான் பழையது கழன்று வரும், புதியது தானாக ஏறி உட்காரும். அவசரக்காரர் தளர்த்தாமல் ஸ்குரூடிரைவரை வைத்து நெம்பி ஏற்றுவார். ஏறிவிடும். ஆனால் பெல்ட்டுக்குள் சுமை தாங்கும் நூலிழைகள் அந்த நெம்பலில் அறுந்திருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கொஞ்ச நாளில் வயலிலேயே அறுந்து விழும்.

ஆண்டவரும் முதலில் தளர்த்துகிறவர்தான். லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். 18 ஆண்டுகளாகக் கூன் விழுந்து நிமிர முடியாமல் இருந்தவர். அவர் எதையும் கேட்கவில்லை. இயேசுவே பார்த்துக் கூப்பிடுகிறார். நீ ஏன் இப்படி ஆனாய் என்ற விசாரணை இல்லை. உன் கட்டு விட்டுப்போயிற்று என்பதுதான் முதல் பேச்சு. அதன் பிறகு கை வைக்கிறார், அவர் நிமிர்கிறார், கடவுளைப் புகழ்கிறார். இந்த வரிசையைக் கவனியுங்கள். நிமிர்ந்து வா, அப்புறம் விடுவிக்கிறேன் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, ஓய்வுநாளில் எதற்கு என்று மக்களைக் கடிந்துகொள்கிறார். இயேசு மாட்டைக் காட்டிப் பதில் சொல்கிறார்: ஓய்வுநாளானாலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்கள் அல்லவா? மோட்டார் வருவதற்கு முன் இந்த ஊரில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்குவதும் பின்னால் ஏறுவதுமாக எத்தனை நடை! இறைத்து முடிந்ததும் பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட்டு, மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுப்பார்கள். மாட்டுக்குக் காட்டிய அந்த இரக்கத்தை ஆபிரகாமின் மகளுக்குக் காட்டக் கூடாதா என்பதுதான் ஆண்டவரின் கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேர்ந்து ஓடும் மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய இரண்டும் நீண்டு போயிருக்கும். புதியது ஒன்று மட்டும் முழுச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் கெட்டுவிடும். குடியை விட்டுவிட்டு வருகிற மகனைப் பாருங்கள். அவர் மாறிவிட்டார். வீடு மாறியதா? பழைய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கிறோம், பணத்தை ஒளித்து வைக்கிறோம், சொந்தக்காரர் முன் குத்திப் பேசுகிறோம். முழுச் சுமையும் அவர் ஒருவர் தோளில். சில மாதத்தில் அவர் திரும்ப விழுந்தால், விழுவார் என்று அப்போதே தெரியும் என்கிறோம். அன்பானவர்களே, அவரோடு சேர்ந்து நாமும் மாற ஒரு முயற்சி எடுத்தோமா?

ஆனால் ஒரு வேறுபாடு: தேய்ந்த பெல்ட்டை நாம் குப்பையில் போடுகிறோம். ஆண்டவர் அப்படிச் செய்கிறவர் அல்ல. அந்தப் பெண்ணுக்குப் பதிலாக இன்னொருவரை அவர் தேடவில்லை. அதே முதுகைத்தான் நிமிர்த்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில், பயன் முடிந்தால் மனிதரையே தூக்கி எறியும் பழக்கம் உலகில் பரவிவிட்டதாக வருந்தினார். உழைத்து உழைத்து இடுப்பு ஒடிந்த அம்மாக்கள் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள். இனி என்னால் என்ன பிரயோசனம் சாமி என்று என்னிடம் கேட்கிறார்கள். அம்மா, ஆண்டவருக்கு நீங்கள் பழசாகவே இல்லை. உங்களைக் கூட்டத்தில் தேடிப் பார்த்துக் கூப்பிடுகிறவர் அவர்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெல்ட் மாற்றும் வேலை முடிந்ததும் மூடியை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். மூடி இல்லாத பெல்ட்டில் விரல் போயிருக்கிறது, சேலைத் தலைப்பு சிக்கியிருக்கிறது. ஐந்து நிமிட வேலைக்காக உங்களில் ஒருவர் கையை இழப்பதை என்னால் தாங்க முடியாது.

முதலில் தளர்த்துகிற ஆண்டவரிடம் வர ஓர் இடம் ஒப்புரவுக்கூடம். அது வதைக்கிற இடமாக ஆகிவிடக் கூடாது என்று ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் எங்களைப் போன்ற குருக்களுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் நினைவூட்டினார். வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து அங்கே இருப்பேன். வருடக்கணக்காகிவிட்டது, செபம்கூட மறந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். மறந்ததை நான் எடுத்துக் கொடுக்கிறேன். உழவு வேலையால் பகலில் முடியாதவர்கள் இரவில் வந்து பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் திருப்பலி முடிந்ததும் சொல்லுங்கள், வீட்டுக்கு வருகிறேன்.